சிவப்புப் பக்கம், பச்சைப் பக்கம்

"அவனுக்கு ஏன் கிடையாது?" என்று அண்ணன் கேட்டபோது, வீடு வீடாகச் சோதனை டப்பா கொடுக்க வந்த செவிலிக்கு அது தம்பிப் பாசமாகப் பட்டது.

பாவம், அந்தத் தெருவுக்குப் புதுசு.

அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டு வருஷக்கணக்காகிறது. அவர்களுக்காக வக்கீல்கள் பேசிக்கொள்கிறார்கள், அதுவும் வாய்தா வாங்க.

வீடு என்னவோ ஒன்றுதான். மாவட்டத்தை இரண்டாக்க வந்த சர்வேயர் ஸ்கேலை வைத்து இழுத்தார். கோடு வீட்டுக்கு நடுவே ஓடிற்று. அழித்துப் போட அவருக்கு அலுப்பு. முன்கட்டு ஒரு மாவட்டம், பின்கட்டு இன்னொன்று. பாகப்பிரிவினைச் சண்டை வந்தபோது, இருவரும் அதே கோட்டின்மேல் சுவர் எழுப்பி அரசாங்கத்துக்கு ஒத்தாசை செய்தார்கள்.

எல்லாவற்றையும் பிரித்தாயிற்று. கழிவறையைத்தான் பிரிக்க முடியவில்லை. கோடு பீங்கானின் நட்டநடுவே போகிறது. ஆளுக்கொரு பக்கம் கதவு வைத்துக்கொண்டார்கள். உள்ளே போகிறவர் எதிர்க்கதவுக்குத் தாழ் போட்டுக்கொள்ள வேண்டியது. அந்தக் குடும்பத்தில் மீறப்படாத ஒரே ஒப்பந்தம் அது.

செவிலி சுகாதாரத் துறை கொடுத்த வரைபடத்தை மறுபடியும் விரித்தாள். முன்கட்டு மாவட்டம் சிவப்பு. பெருங்குடல் புற்றுநோயில் சாகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறார்கள். பின்கட்டு மாவட்டம் பச்சை, அங்கே இறங்குகிறார்கள். ஆகவே சோதனை டப்பா சிவப்புக்கு மட்டும். அதிலும் ஐம்பது தாண்டியவர்களுக்கு மட்டும். உள்ளே ஒரு குச்சி இருக்கும். மலத்தைத் தொட்டு வைத்துக் கொடுத்தால், கண்ணுக்குத் தப்புகிற ரத்தத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"பச்சையாம் பச்சை!" அண்ணன் முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராகக் கத்திய தொண்டையைத் திறந்தார். "அந்தப் பக்கம் ஒரு நல்ல ஆஸ்பத்திரி இருக்கா? முத்திப்போனவனெல்லாம் இங்க வந்துதான் சாகறான். நீங்க எங்க கணக்குல எழுதிக்கிறீங்க. ஒரே எடத்துல உக்கார்றோம். எந்திரிச்சு அந்தக் கதவு வழியாப் போனா வியாதி வராதா?"

"மேப்பு நான் போடலைங்க. உங்களுக்கு ஒண்ணு தர்றேன், வாங்கிக்குங்க." செவிலி, வாசலில் தண்ணீர் வாளியோடு நின்ற அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தாள். "அக்காவுக்கு இன்னும் அந்த வயசு வரல. குடுத்து வச்சவங்க."

மனைவி சிரிக்கவில்லை. மோட்டார் கெட்டுப்போனதிலிருந்து கழிவறைக்குத் தண்ணீர் சுமப்பவள் அவள்தான். சிரிக்க ஏது தெம்பு.

மோட்டார் கெட்டதில்தான் விஷயமே வெளியில் வந்தது. முன்போல் தாராளமாக ஊற்ற வழியில்லை. ஒரு காலையில் உள்ளே போன அண்ணன், பீங்கானில் ரத்தம் பார்த்தார். சில நாள் கழித்து மறுபடியும் பார்த்தார்.

தனக்கு இல்லை. அப்படியானால் அவனுக்குத்தான். வேறு யோசனைக்கே போகவில்லை; வீட்டில் எது நடந்தாலும் அவன்தான் என்பது அத்தனை வருஷப் பழக்கம்.

முதலில் சந்தோஷப்பட்டுப் பார்த்தார். சரியாக வரவில்லை. கேஸ் முடியும் முன்னே அந்தத் தறுதலை போய்ச் சேர்ந்துவிட்டால், ஜெயித்த பிறகு யார் மூஞ்சியைப் பார்த்துச் சிரிப்பது? அவன் பெண்டாட்டியும் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டோடு போய்விட்டாள். அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போகவும் ஆளில்லை.

அதற்காக அவனிடம் போய்ப் பேசுவதா? நாக்கு அழுகிவிடும்.

தன் பெயருக்கு வந்த டப்பாவை வாங்கினார். இரண்டெட்டு பின்வாங்கினார். சுவருக்கு மேலே வீசினார்.

"இந்தாடா, எடுபட்ட பயலே! குச்சியால தொட்டு வையி! தீர்ப்பு வர்ற வரைக்கும் உசுரோட கெட!"

அந்தப் பக்கம் தம்பி ரேடியோ பழுதுபார்க்கிற மேஜைமேல் எதுவோ சரிந்து விழுந்தது. ஸ்பீக்கர் ஒன்று கீச்சென்று கத்தி அடங்கியது.

போன வேகத்தில் டப்பா திரும்பி வந்தது. அண்ணனின் தோளில் பட்டு, செவிலியின் செருப்பருகே உருண்டது.

"யோவ்! யாருக்கு யாரு குடுக்கறது?" தம்பியின் குரல். "ரத்தமாப் போயிட்டிருக்கிறது உனக்கு! நானும் பாத்துட்டுதான் இருக்கேன். வீம்புக்கு நீ போய்ச் சேந்துட்டா, நான் செவுத்துகூடவா கேஸ் நடத்துறது? மொதல்ல உன்னுதைப் பாருய்யா, வீணாப் போனவனே!"

அண்ணன் திட்டுவதற்காக வாயைத் திறந்தார். நல்ல கெட்ட வார்த்தையாகத்தான் எடுத்து வைத்திருந்தார்.

"எனக்கு இல்லடா" என்று வந்தது.

சுவருக்கு அப்பால் செருப்புச் சத்தம் கிட்டே வந்தது.

"எனக்கும் இல்ல."

சுவர் எழும்பிய நாளிலிருந்து இரண்டு கட்டும் ஒரே சமயத்தில் அமைதியாக இருந்தது அப்போதுதான். சண்டைக்குக் காது தீட்டியிருந்த எதிர்வீட்டுக்காரர், என்னவோ ஏதோ என்று வெளியே வந்து பார்த்தார்.

அண்ணனின் மனைவி வாளியைக் கீழே வைத்தாள். குனிந்து டப்பாவை எடுத்தாள். முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். புருஷன் பக்கமும் பார்க்கவில்லை, சுவர் பக்கமும் பார்க்கவில்லை.

செவிலி பேனாவைத் திறந்தாள்.

"எழுதிக்கோ தங்கச்சி" என்றாள், போன மாதம்தான் நாற்பத்திரண்டு முடிந்தவள். "வயசு, அம்பத்தொண்ணு."