கைக்கு அடங்கிய துப்பாக்கி

மொலேஃபிக்குத் துப்பாக்கி வேண்டும். ஆனால் திருட்டுத் துப்பாக்கி வேண்டாம்.

அவன் அண்ணன் சேலோ அப்படி ஒன்றைச் சந்தில் வாங்கிக்கொண்டுதான் பெட்ரோல் பங்க்கில் கொள்ளையடிக்கப் போனான். விசையை இழுத்தபோது குண்டு சிக்கிக்கொண்டது. பங்க் பையன்கள் அவனைத் தரையில் போட்டு மிதித்தார்கள். சிறையிலிருந்து வந்த பிறகும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்கிறான்.

அதனால் மொலேஃபி இஸ்திரி போட்ட சட்டையோடு, பட்டப்பகலில், தென்னாப்பிரிக்காவின் குரூன்ஸ்டாட் கடைவீதியில் ஹெஸ்டர் ஆன்ட்டியின் துப்பாக்கிக் கடைக்குப் போனான்.

“எதுக்குப்பா துப்பாக்கி?”

“போட்டிக்கு ஆன்ட்டி. ஓடிக்கிட்டே சுடுவாங்களே, அந்தப் போட்டி.”

ஆன்ட்டியின் முகம் மலர்ந்தது. ஊருக்கு வெளியே அந்தப் போட்டியை நடத்துவதே அவள்தான். அறுபது தாண்டிய மூட்டுவலி உடம்பு. லாரி ஹாரன் தொண்டை.

அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த, தங்க நிற விசை வைத்த துப்பாக்கியைக் காட்டினான்.

“அது மச்சினன் கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போக. வேணாம்.”

“இந்தச் சின்னது?”

“கைப்பைக்கு. ஒரு டப்பா குண்டு சுட்டா உன் மணிக்கட்டு அழும்.” அவளே ஒன்றை எடுத்து வைத்தாள். பழையது, முழு எஃகு, செக் நாட்டுச் சரக்கு. “கண்ணை மூடு. சுவரைப் பார்த்துத் தூக்கு. இப்ப திற. குழல் நுனியில இருக்கிற முன்குறி எங்க நிக்குது?”

“நடுவுல.”

“அப்ப இது உன்னோடது. கனமா இருக்குன்னு மூஞ்சியைச் சுளிக்காத. கனம் இருந்தாத்தான் உதைக்காது.”

மொலேஃபியின் கண் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சேஃபின் மேல் இருந்தது. லைசென்ஸ் இன்னும் கைக்கு வராதவர்கள் வாங்கிய துப்பாக்கிகள் எல்லாம் அதற்குள்தான் தூங்கின. அத்தனையையும் அள்ளி விற்றால் ஒரு மினிபஸ் டாக்ஸி வாங்கலாம். அடுத்தவன் வண்டியை ஓட்டி ஓட்டி அவனுக்கு முதுகு போய்விட்டது. சொந்த வண்டி, அவ்வளவுதான் ஆசை.

ஒரே தொல்லை, பணம் கட்டிய பிறகு அவன் துப்பாக்கியும் அதே சேஃபுக்குள் போய்விட்டது. லைசென்ஸ் வரும்வரை தொட முடியாது. லைசென்ஸுக்கு ஆன்ட்டியின் சுடும் கிளப்பில் சேர வேண்டும், ஒழுங்காகப் பயிற்சிக்கு வர வேண்டும், ஆன்ட்டி கையெழுத்துப் போட வேண்டும். இந்த நாட்டில் கொள்ளையடிக்கக்கூட விளையாட்டு வீரனாக வேண்டியிருக்கிறது.

சனிக்கிழமை தவறாமல் ஆன்ட்டி இரவல் கொடுத்த துப்பாக்கியோடு மைதானத்தில் ஓடினான்.

“டேய், நீ கொள்ளையடிக்கப் போறியா, மெடல் வாங்கப் போறியா?” என்றான் சேலோ.

“பழகிக்கிறேண்ணே. நீ பழகாமப் போய்த்தானே கோணலா நடக்கிற?”

பயிற்சி நாய்ப் பிழைப்பாக இருந்தது. துப்பாக்கி முனை அரை அடி தவறித் திரும்பினால் ஆன்ட்டி வீட்டுக்கு விரட்டிவிடுவாள். அவள் கத்தினால் நிற்க வேண்டும், கத்தினால் ஓட வேண்டும், சுட்டு முடித்ததும் அவள் கத்துகிறபடி துப்பாக்கியைக் காலியாக்கிக் காட்டிவிட்டு ஒதுங்க வேண்டும். மத்தியானம் மட்டும் கரி அடுப்பில் சுட்ட கார சாசேஜை ரொட்டியில் வைத்துத் தன் கையாலேயே நீட்டுவாள்.

சேலோவுக்குச் சந்தேகம் வந்தது. “அவ கையால தின்னு தின்னு மனசு மாறிட்டியாடா?”

“தின்னா என்ன? சேஃபுல இருக்கிறது அவளோடதா? காத்துக்கிட்டிருக்கிற மடையனுங்களோடது.”

மனசு மாறவில்லை. குறிதான் தேறியது.

லைசென்ஸ் வந்தது. ஆன்ட்டி அவன் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, சொந்தப் பேரனைக் கொடுப்பது போலக் கொடுத்தாள். மொலேஃபி குண்டு டப்பாவும் வாங்கிக்கொண்டு வெளியே நின்ற வண்டிக்குப் போனான். சேலோ காலிச் சாக்குகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மொலேஃபி குண்டுகளை நிரப்பி, உறையை இடுப்பில் கட்டி, திரும்ப உள்ளே வந்து கதவில் தொங்கிய பலகையை ‘மூடப்பட்டது’ என்று திருப்பினான்.

“சேஃபைத் திற ஆன்ட்டி.”

ஆன்ட்டி சிரித்தாள். “காலங்காத்தால என்ன குடிச்ச?”

மொலேஃபி துப்பாக்கியை உருவினான். சுவரில் ஒட்டியிருந்த காகித இலக்கில் அடுத்தடுத்து இரண்டு குண்டுகள். கண்ணாடிப் பெட்டிகள் அதிர்ந்தன. இரண்டும் நட்ட நடுவில் பாய்ந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

ஆன்ட்டியின் சிரிப்பு செத்தது. கையில் இருந்த சாவிக்கொத்து நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்க மூட்டு மடங்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“சீக்கிரம்!” என்றான் மொலேஃபி.

ஆன்ட்டி மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள். வந்தது மைதானத்துக் குரல்.

“முடிஞ்சுதுன்னா குண்டை எடுத்துட்டுக் காட்டு!”

குண்டுகள் இருந்த மகசின் கழன்று மொலேஃபியின் இடது கைக்கு வந்தது. மேல்பாகம் பின்னால் போனது. உள்ளே மிச்சமிருந்த குண்டு தெறித்து மேஜைக்கடியில் உருண்டது. மொலேஃபி முனையைச் சுவரை விட்டு ஒரு இம்மிகூட நகர்த்தாமல், காலியான உட்புறத்தை அவள் கண்ணுக்குத் தெரியும்படி பிடித்தான்.

“காலின்னா சுத்தியலை இறக்கு. உறையில போடு!”

கிளிக். போட்டான்.

“கிளியர்!” என்றாள் ஆன்ட்டி.

அடுத்து சுட வருபவனுக்கு வழிவிட்டு, பவ்யமாக ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றபோதுதான், மொலேஃபிக்குத் தான் வந்த வேலை ஞாபகம் வந்தது.