ஜன்னலுக்கு வெளியே ஓர் அணி

"பந்து கிட்ட வந்தா விலகி ஓடிடுங்க. உதைச்சீங்கன்னா குட்டு வெளிப்பட்டுடும்" என்றார் ஆல்கோட். "அப்புறம், தயவுசெஞ்சு யாரும் பாட்டுப் பாடிடாதீங்க."

ஸ்டென்மோ கால்பந்துக் கழகத்தின் நீலச் சட்டைக்குள் வயிற்றைத் திணித்துக்கொண்டிருந்த இருபது பேரும் தலையாட்டினார்கள். ஏரிக்கு அக்கரையில் உள்ள ஊரின் பாடகர் குழு அது. பயிற்சியாளர் தூரே பிடித்துக்கொண்டு வந்திருந்தார். கூலி, காபியும் இலவங்கப்பட்டை பன்னும்.

"இது தேவையா தலைவரே? உள்ளதைச் சொல்லிட்டா என்ன?" என்றார் தூரே.

உள்ளது ஆறு ஆட்டக்காரர்கள். அடுத்த பருவத்துக்கு அணி இறக்காவிட்டால் கழகத்தை லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். பக்கத்து ஊர் ஓல்ஸ்டா கழகத்தோடு இணைவது ஒன்றுதான் வழி. அதற்காகத்தான் ஓல்ஸ்டாவின் தலைவி குன்வோர் இன்று வருகிறார்.

"போன வாரம் வேலிக்கு வெளியே காரை நிறுத்திட்டு அவங்க மைதானத்தைப் பார்த்தேன். கொட்டற மழையில, தலையை மூடிக்கிட்டு, ஒரு பட்டாளமே ஓடுது. நாம ஆறு பேரைக் காட்டினா என்ன ஆகும்? அவங்க பேரு முன்னால வரும். நம்ம பேரு கொஞ்ச நாள் பின்னால தொங்கிட்டு உதிர்ந்துடும். எங்கப்பா ஆரம்பிச்ச கழகம்யா இது. பேரு போச்சுன்னா என்ன மிச்சம்?"

"அந்தம்மா விவரமானவங்க. எண்ணிப் பார்ப்பாங்க."

"எண்ணட்டும். அதுக்குத்தானே இருபது."

குன்வோர் மைதானத்தை ஒட்டிய கழக அறையின் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே வந்தார். நாற்காலியை ஜன்னலைப் பார்த்தபடி ஆல்கோட் முன்பே போட்டு வைத்திருந்தார். குன்வோர் வெளியே நிதானமாகப் பார்த்தார்.

"நல்ல கூட்டம். யாரு அந்தத் தொப்பைக்காரர்?"

"எங்க தடுப்பாட்டக்காரர். அவரைத் தாண்டி ஒருத்தன் போனதில்லை."

"சுத்திப் போகவே நேரமாகுமே." காபியை ஒரு வாய் குடித்தார். "சரி, பேரைப் பேசுவோம். ஓல்ஸ்டா-ஸ்டென்மோ. அகர வரிசைப்படி."

"அகர வரிசையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு. எங்களுக்கு வரலாறு இருக்கு." ஆல்கோட் அலமாரியைக் காட்டினார். "மாவட்டக் கோப்பை. உங்ககிட்ட இருக்கா?"

"எதிரணி பஸ் பனியில மாட்டிக்கிச்சுன்னு ஆடாமலே குடுத்தாங்களே, அதுதானே?"

"நாங்க நேரத்துக்கு வந்தோம் இல்ல?"

வெளியே ஒருவர் வழுக்கி விழுந்தார். 'ஐயோ' என்பதை ஆழமான குரலில், இழுத்து, சுருதி பிசகாமல் சொன்னார்.

"நல்ல குரல்" என்றார் குன்வோர்.

ஆல்கோட் இருமினார். "வலி அப்படி."

"சரி, உங்க பேரே முன்னால இருக்கட்டும். ஆனா சட்டை மஞ்சள்."

"ஆகட்டும்."

"ஆட்டமெல்லாம் எங்க மைதானத்துல."

"பாதி இங்கே."

"அப்ப பேரு பின்னால."

ஆல்கோட் பல்லைக் கடித்தார். "சரி, அங்கேயே."

"ஆட்டத்தன்னைக்குப் போடற பன் கடை, டாய்லெட் பேப்பர் விற்பனை, ரெண்டும் எங்களுக்கு."

இது எங்கோ குத்தியது. சிறுவர் அணி வீடு வீடாகக் கதவைத் தட்டி விற்ற டாய்லெட் பேப்பரில்தான் கழகம் இத்தனை காலம் உயிரோடு இருந்தது. கோப்பையை விட அதுதான் ஸ்டென்மோவின் உண்மையான வரலாறு.

"அதையும் எடுத்துக்கிட்டா?"

"தலைவர் பதவியும் எனக்குத்தான்."

"அப்ப எனக்கு என்னதான் மிச்சம் குன்வோர்?"

"பேரு. அதைத்தானே கேட்டீங்க?"

ஆல்கோட் ஜன்னல் பக்கம் பார்த்தார். இருபது நீலச் சட்டைகளும் பந்தைக் கண்டு சிதறி ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டம் மட்டும் இல்லையென்றால் இந்தப் பேரும் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் 'ஸ்டென்மோ-ஓல்ஸ்டா' என்று அழுத்தி எழுதி, கையெழுத்துப் போட்டார். குன்வோரும் போட்டார். மூலையில் நின்ற தூரே அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டார்.

கைகுலுக்கல் முடிந்தது. குன்வோர் காலணியை மாட்டிக்கொண்டு, போகிற போக்கில் ஜன்னலைத் திறந்தார்.

"ஹோல்கர், இங்கே என்ன பன் குடுத்தாங்க?"

தொப்பைக்காரர் நின்று, தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார். "இலவங்கப்பட்டைதான் அம்மா. போன வாரம் நீங்க குடுத்த ஏலக்காய் பன்னுக்குக் கிட்ட வராது."

ஆல்கோட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் மழையில பார்த்தது..."

"இவங்களைத்தான். அன்னைக்கு மஞ்சள் சட்டை. நீங்க வேலி ஓரமா வேவு பார்க்க வருவீங்கன்னு தெரியும்."

"உங்ககிட்ட நிஜமா எத்தனை பேரு?"

குன்வோர் கையுறைக்குள் நுழைக்கப்போன கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.