ஆபீசர் உட்கார்ந்த இடம்

அன்று மாலை முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்: சுங்கத்துறையில் ஓய்வு பெற்ற பெரியவர், அவர் மனைவி, மகன், கல்யாணத்துக்கு நிற்கும் மகள், மாப்பிள்ளையாக வரவிருந்தவன், அவனுடைய அப்பா, அம்மா.

நாயும் இருந்தது. பெரியவர் அதை ஆள் கணக்கில் சேர்க்கவில்லை.

மகள் அதற்கு வைத்த பெயர் ஆபீசர். பெரியவர் வாயில் அந்தப் பெயர் வராது. பாதி ஆயுளைக் கொடுத்துச் சம்பாதித்த பட்டத்தை ஒரு வாலுள்ள பிராணிக்குத் தூக்கிக் கொடுப்பாரா? ‘அது’ என்பார். அது சாப்பிட்டுச்சா, அதை வெளியே விடு.

அன்றைக்கு அதற்கு ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. கதவுக்கும் சன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தது. தரையில் நகம் டக் டக்கென்று விழுந்த ஒவ்வொரு தடவையும் பெரியவருக்கு உள்ளே ஏதோ இடறியது. நாற்காலியில் விறைப்பாகத்தான் உட்கார்ந்திருந்தார். கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

எல்லாம் இந்த நாயால் வந்த வினை.

துறைமுகத்தில் பயணிகளின் பெட்டிகளில் போதைப்பொருள் இருக்கிறதா என்று மோப்பம் பிடிப்பது அதன் வேலை. அதைப் பிடித்துக்கொண்டு நடப்பது அதே சுங்கத்துறையில் இருந்த மகனின் வேலை. ஒருநாள் மேலதிகாரியின் மைத்துனர் பெட்டிக்கு முன்னால் அது போய் உட்கார்ந்தது. பெட்டியை யாரும் திறக்கவில்லை. நாய்க்கு மூக்கு சரியில்லை என்று முடிவு கட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மகன் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். இப்போது கார் நிறுத்தும் கொட்டகையில் ஊரார் வீட்டு நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுகிறான்.

“துறை பொய் சொல்லாதுடா” என்றார் பெரியவர் அன்று. அதற்கப்புறம் அப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

வந்தவர்களிடம் மகனுக்குச் ‘சொந்தத் தொழில்’ என்று மட்டும் சொல்லியிருந்தார். என்ன தொழில் என்று கேட்டுவிட்டால் சொல்ல ஒரு பதிலைக் காலையிலிருந்தே தேடிக்கொண்டிருந்தார்.

கேட்கவில்லை. மாப்பிள்ளைதான் பேசினான், நன்றாகவே பேசினான். வெளிநாடு போய் வருகிற வியாபாரம். காலடியில் ஒரு கறுப்புத் தோல்பை. பெரியவருக்குப் பிடித்துவிட்டது. பேச்சு நாள் குறிப்பது வரை வந்துவிட்டது.

அப்போதுதான் நகச் சத்தம் நின்றது.

ஆபீசர் தோல்பைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. குரைக்கவில்லை, பிறாண்டவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு கல்லாட்டம் இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்பதை அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அதைப் பழக்கியிருந்தார்கள்.

வீட்டு மனிதர்கள் நாலு பேருக்கும் அது தெரியும். நாலு பேரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

“அட, எங்க பையனை இதுக்கு எவ்வளவு பிடிச்சுப் போச்சு பாருங்களேன்!” என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தாள்.

“நல்லா வளர்த்திருக்கீங்க. எங்கே வாங்கினது?” என்றார் அவன் அப்பா.

மகன் பதிலை அப்பாவுக்கு விட்டுவிட்டான். அப்பாவின் வீடு, அப்பாவின் விருந்தாளி. தட்டோடு நின்ற மகள்தான் பதில் சொன்னாள்.

“வாங்கலை மாமா. துறைமுகத்துல அண்ணன்கூட வேலை பார்த்துச்சு. பெட்டி, பையெல்லாம் சோதனை போடுற வேலை.”

பெரியவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். பயணிகள் வரிசைக்கு எதிரில் நின்றே தலை நரைத்தவர் அவர். நாய் வந்து உட்கார்ந்தால், பையில் ஒன்றும் இல்லாத பயணி நாயைப் பார்ப்பான். ஏதாவது இருந்தால் வெளியே போகிற கதவைப் பார்ப்பான்.

மாப்பிள்ளை கதவைப் பார்த்தான். அவன் குதிகால் தோல்பையை மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளியது.

பெரியவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நாய் சொல்வது நிஜமென்றால் துறை சொன்னது பொய். மகன் செய்தது சரி. மகளின் கல்யாணம் கையை விட்டுப் போனது. நாய்க்கு மூக்கு கெட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டால் எதுவுமே போகாது. நாளைக் குறித்துவிட்டு எழுந்துவிடலாம்.

வாசல் ஏறி வந்தவனை வீட்டுக்குள் வைத்துத் தலைகுனிய விடுவது மட்டும் அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

“அதுக்கு மூக்கு போயிடுச்சுங்க. பிஸ்கட் தட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உட்காரும்” என்றார். “நீங்க டீயைக் குடிங்க, ஆறிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை கொஞ்சம் தாமதமாகவும் கொஞ்சம் அதிகமாகவும் சிரித்தான். மகன் காதோரம் சிவக்க, கழுத்துப்பட்டையைப் பிடித்து நாயை எழுப்பப் பார்த்தான். அது எழவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

நாள் குறிப்பதைப் பிறகு பேசலாம் என்று சொல்லி, பெரியவர் வாசல் வரை போய்க் கார் கதவைத் திறந்துவிட்டு மரியாதையாகவே வழியனுப்பினார்.

திரும்பி வந்தபோது மகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை குடித்த கோப்பையை மட்டும் தொடாமல் விட்டிருந்தாள்.

பெரியவர் உட்காரவில்லை. அறை நடுவில் நின்றபடி மகனிடம் கேட்டார்.

“பந்து எங்கேடா?”

மகனுக்குச் சட்டென்று விளங்கவில்லை. சரியாகக் கண்டுபிடித்த நாய்க்கு அதன் பந்தைக் கொடுக்க வேண்டும். தப்பாக உட்கார்ந்த நாய்க்குக் கொடுக்கக் கூடாது. துறையில் அதுதான் முறை. பெரியவருக்கும் அது தெரியும்.

“கொடுடா. எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கு.”

மகன் எடுத்துவர உள்ளே ஓடினான். பெரியவர் போனைக் கையில் எடுத்தார்.

அண்ணன்காரன் நாய் குளிப்பாட்டுகிறவன் என்று தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தெருவில் ஒரு பேச்சு அடிபடுகிறது. அது தவறு. வேண்டாம் என்று சொன்னது பெண் வீடு. மாப்பிள்ளையின் அப்பா காரணம் கேட்டார். அம்மா போனைப் பிடுங்கிக் காரணம் கேட்டாள். மாப்பிள்ளை கேட்கவில்லை.