நாவல் பழத்துக்கு வந்த மான்

"அக்கா, என்ன பண்றீங்க? கல்லைக் கீழே போடுங்க!"

பக்கத்து வீட்டு ஜஹனாரா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

தங்கபுஷ்பம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொல்லையில் நாவல் மரத்தடியில் நின்ற புள்ளிமானைப் பார்த்து இன்னொரு கல்லை வீசினாள். மான் துள்ளி விலகியது. போகவில்லை. உதிர்ந்த பழத்தைத் தேடி மறுபடியும் வந்தது.

கிண்டிக் காட்டு வேலி பிய்ந்து கிடந்தது அந்த அடையாறு வீட்டுக்குப் பின்னால்தான். பழக் காலத்தில் பொழுது சாய்ந்தால் மான் வந்துவிடும்.

"சினை மான் அக்கா! வயித்தைப் பாருங்க. அல்லா பொறுக்க மாட்டான்."

"தெரியுது. நீங்க உள்ள போங்கம்மா."

தங்கபுஷ்பம் ஓயாமல் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர் பார்த்தா என்ன சொல்வார்? பழத்தைக் கூட்டாதே, வாயில்லா ஜீவன் தின்னட்டும்னு தினம் சொல்றவராச்சே! உப்புக்கட்டி வேற வாங்கி வைக்கிறார். அந்த மனுஷனுக்குப் போய் இப்படி ஒரு பெண்டாட்டி!"

அவள் சொன்னதும் வாஸ்தவம்தான். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நல்லசிவம், துணியில் ஒரு விரற்கடை கூடக் கிழித்துத் தர மாட்டார். மான் என்று வந்துவிட்டால் கர்ணப் பிரபு.

தங்கபுஷ்பத்துக்குக் கண் கலங்கியது. விளக்குமாற்றை எடுத்து மானின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டாள்.

"போயேன் சனியனே! இப்பவே போய்த் தொலையேன்!"

மான் மிரண்டு, வேலிச் சந்து வழியாகக் காட்டுக்குள் பாய்ந்தது.

"கல்நெஞ்சக்காரி" என்று ஜஹனாரா சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஜீப் வந்து நின்றது.

நல்லசிவம் இறங்கி, யாரோ ஒரு பெரிய அதிகாரியைக் குழைந்து குழைந்து கொல்லைக்கு அழைத்து வந்தார்.

"இந்த மரத்தடிதான் சார். காட்டுக்குள்ள போனாத்தான் காவல், தொந்தரவு எல்லாம். இங்க பழம் திங்க அதுவே வந்து நிக்கும். நான் பழக்கி வச்சிருக்கேன்."

வந்தவர் உறையிலிருந்து துப்பாக்கியை உருவினார்.

ஜஹனாரா மதிலுக்கு மேலிருந்து தங்கபுஷ்பத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

நல்லசிவம் சிரித்த முகமாக மனைவியிடம் திரும்பினார்.

"புஷ்பம், மசாலா அரைச்சாச்சா?"