கண்ணுக்குள் வீக்கம்

ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாமுக்காகச் சன்னல்களைக் கோணியால் மூடியிருக்கிறார்கள். அந்த மதிய இருட்டில் டாக்டர் லத்தீஃபா பிடித்திருக்கும் கருவியிலிருந்து மெல்லிய வெளிச்சம் குப்பம்மாளின் கண்ணுக்குள் இறங்குகிறது. அவளுக்கு ஒரு மாதமாகத் தலைவலி, விடிந்தால் வாந்தி, குனிந்தால் பார்வை மங்குகிறது. "களை எடுக்க உடம்பு வணங்காம நடிக்கிறாம்மா," என்கிறான் வாசலை அடைத்து நிற்கும் புருஷன் ராஜாக்கண்ணு. டாக்டர் மற்ற கண்ணையும் பார்க்கிறார். கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தையும் பார்க்கிறார். "பிரஷர் சரியா இருக்கு. ஆனா ரெண்டு கண்ணுலயும் நரம்பு வீங்கியிருக்கு. தலைக்குள்ள ஏதோ அழுத்துது. இன்னான்னு வேலூர் ஆஸ்பத்திரியிலதான் பாக்கணும், என் ஜீப்புலயே கூட்டினு போறேன். நடிக்கிறவங்களுக்குக் கண்ணுக்குள்ள வீங்காதுங்க." ராஜாக்கண்ணு குரலை உயர்த்துகிறான். "மண்டையப் பொளந்துடுவாங்க. அனுப்ப மாட்டேன்." குப்பம்மாள் எழுகிறாள். தரை ஆடுகிறது, மேசையைப் பிடித்துக்கொள்கிறாள். "ஒரு மாசமா பொய்க்காரின்னு ஊரெல்லாம் சொன்னியே. உள்ள இன்னா கீதுன்னு நான் தெரிஞ்சிக்கணும். நவுரு." அவன் நகரவில்லை. அவன் தோளை ஒதுக்கிவிட்டு வெயிலில் இறங்குகிறாள். கண் கூசுகிறது, ஜீப் இரண்டாகத் தெரிகிறது. கையை நீட்டித் துழாவுகிறாள். காய்ந்த இரும்புக் கம்பி உள்ளங்கையைச் சுடுகிறது. விடாமல் பிடித்து ஏறி உட்காருகிறாள்.