இன்னும் ஒரு கட்டம்

“இது கம்ப்யூட்டர் கம்பெனிக்காரங்க செய்ய வேண்டிய வேலை. எங்க தலையில ஏன் கட்டறீங்க?” என்று கேட்டார் தலைமை நர்ஸ்.

“ஒரு கட்டம் சேர்க்கிறதுக்குக் கம்பெனிய எதிர்பார்க்க வேண்டாம், சிஸ்டர். புரோகிராம் எழுதத் தெரியாமலே நீங்களே சேர்த்துக்கலாம்” என்றாள் சொல்லிக்கொடுக்க வந்தவள். நோயாளிகளின் விவரங்களைப் பதியும் திரையில், ‘ஒத்துக்கொள்ளாத மருந்து’ என்று புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்துக் காட்டினாள்.

தலைமை நர்ஸின் முகம் இறுகியது. “இதைத்தான் நாங்க கம்பெனிக்கு எழுதி எழுதிக் கேட்டோம். அது வர்றதுக்குள்ள இங்க ஒரு உயிர் போயிடுச்சு. இப்பவாவது உங்களை அனுப்பணும்னு தோணிச்சே அவங்களுக்கு.”

“என்னை யாரும் அனுப்பல. நானாத்தான் ஆஸ்பத்திரியில அனுமதி கேட்டு வந்தேன்.” அவள் குரல் தாழ்ந்தது. “அந்த ஊசி அவருக்கு ஒத்துக்காதுன்னு இங்க அட்மிட் பண்ணும்போதே சொன்னேன். திரையில குறிக்க இடமில்லன்னாங்க. அடுத்த டியூட்டிக்கு வந்தவங்களுக்கு விஷயம் தெரியல. போனவர் என் வீட்டுக்காரர்.”

தலைமை நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இதை நிரப்பாம யாரும் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதபடி செய்யலாமா?”

“செய்யலாம், சிஸ்டர்” என்று மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள். “நீங்களே செய்யலாம்.”