வாலாட்டிய சாட்சி

ஆறு செத்துவிட்டது என்று நிரூபிக்கத்தான் கவுன்சிலர் சவரிமுத்து ஒரு பாட்டில் ஆற்றுத்தண்ணீரோடு நகராட்சிக் கூட்டத்துக்கு வந்தார். கன்னங்கரேலென்று இருந்த அதை மேசைமேல் நங்கென்று வைத்தார்.

"செத்த ஆத்துக்கு எதுக்குங்க அம்பது கோடியில வைத்தியம்? மேல கான்கிரீட் போட்டு மூடிட்டு பஸ் ஸ்டாண்டு கட்டுவோம்."

சாக்கடையை முதலில் அடைப்பதா, கரையை முதலில் கட்டுவதா என்று மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ஒரு மணி நேரம் போனது. அதற்குள் பாட்டிலில் கசடெல்லாம் அடியில் இறங்கிவிட்டது.

எதிரே இருந்த கவுன்சிலர் நசீமா குனிந்து பார்த்தார். "அண்ணே, உங்க பொணம் வாலாட்டுது."

நகக்கண் அளவில் ஒரு மீன். அவையே எழுந்து வந்து பாட்டிலைச் சுற்றி நின்று சிரித்தது. சவரிமுத்துவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்ததும் மீனை ஆற்றிலேயே விட்டுவிடலாமென்று பாலத்துக்குப் போனார். மூடியைத் திறந்தார். கீழே கறுப்பாய் நுரைத்து ஓடுவதைப் பார்த்தார். திரும்ப மூடிக்கொண்டு நேராகப் பொறியாளரின் அறைக்கு நடந்தார்.

"சார், மொதல்ல எந்தப் பக்கம் சுத்தம் பண்ணப் போறீங்க? சீக்கிரமா சொல்லுங்க. இவன் வளந்துட்டா பாட்டில் பத்தாது."